பெயர் தெரியாத டிராஃபிக் ஏன் கூடுகிறது? என்டிபிஐ லைப்ரரியின் ஓயாத வேலை

மார்த்தாண்டத்திலோ கருங்கல்லிலோ வீடுகளுக்கு ஃபைபர் இணைப்பு கொடுக்கும் ஒரு சிறு ஆபரேட்டர், எந்த ஆப் எவ்வளவு டேட்டா எடுக்கிறது என்று தன் சர்வரில் பிரித்துப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரே வீடு, ஒரே கம்ப்யூட்டர், குரோமில் ஒரே யூடியூப். ஒரு தடவை அறிக்கையில் ‘குயிக்.யூடியூப்’ என்று தெளிவாக விழுகிறது (குயிக் என்பது டேட்டா போகும் நெறிமுறை, அதாவது புரோட்டோகால்). கொஞ்ச நேரம் கழித்து அதே வீடியோவைத் திறந்தால் வெறும் ‘குயிக்’. அதற்கடுத்த தடவை மறுபடியும் பெயர் வருகிறது. கேபிள் சரி, சுவிட்ச் சரி, சர்வரில் சுமையும் இல்லை. கோளாறு வேறிடத்தில் இருக்கிறது: பிரவுசர் தானாகவே அப்டேட் ஆகிக்கொண்டிருக்கிறது; சர்வரில் உள்ள ஆய்வு லைப்ரரி (மற்ற நிரல்கள் கூப்பிட்டுப் பயன்படுத்தும் நிரல்தொகுப்பு), நிறுவிய நாளில் இருந்தபடியே கிடக்கிறது.

இந்த வேலைக்குப் பரவலாகப் பயன்படும் திறமூல லைப்ரரி என்டிபிஐ. அதை எழுதுகிறவர்கள் ஏன் நிறுத்தாமல் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது புரிந்தால்தான், அது சொல்லும் பெயர்களில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதும் புரியும்.

வந்த வழி சுருக்கமாக. ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து இபோக் நிறுவனம், தன் வணிக டிராஃபிக் ஆய்வு எஞ்சினான ‘பேஸ்’-இன் ஒரு பகுதியை ஓப்பன்டிபிஐ என்ற பெயரில் எல்ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் வெளியிட்டது. 2011-இல் ரோடே அண்ட் ஷ்வார்ஸ் இபோக்கை வாங்கியது, ஓப்பன்டிபிஐ தேங்கிப்போனது. இத்தாலியின் பீசாவில் லூகா டேரி நடத்தும் என்டாப் குழு அந்த மூலநிரலை (சோர்ஸ் கோடு) கிளை பிரித்து என்டிபிஐ ஆக்கியது. இன்று 400க்கும் மேற்பட்ட நெறிமுறைகளையும் ஆப்களையும் அது அடையாளம் காண்கிறது. வலையைக் கண்காணிக்கும் என்டாப்என்ஜி, ஊடுருவலைக் கண்டறியும் சூரிகாட்டா 8-க்கான இணைப்பு, ஆண்ட்ராய்டில் பாக்கெட்டுகளைப் பதியும் பிகேப்டிராய்டு எல்லாவற்றின் உள்ளேயும் இதே லைப்ரரிதான். உரிமம் எல்ஜிபிஎல் 3. நாகர்கோவிலில் ஒரு மென்பொருள் நிறுவனம் தன் சொந்த ரவுட்டர் மென்பொருளோடு இதைச் சேர்த்து விற்கலாம்; ஆனால் லைப்ரரியில் செய்த மாற்றங்களை அதே உரிமத்தில் கொடுத்தாக வேண்டும், வாடிக்கையாளர் தானே திருத்திய லைப்ரரியைப் பொருத்திக்கொள்ளவும் வழி விட வேண்டும்.

லைப்ரரி எதைச் செய்வதில்லை என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. புதிதாக வருபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். பாக்கெட்டை வயரிலிருந்து எடுப்பது அதன் வேலை இல்லை. ஃப்ளோ (இரு முனைகளுக்கு இடையே ஓடும் ஓர் இணைப்பின் பாக்கெட்டுகள்) அட்டவணை வைத்திருப்பதும், ஈதர்நெட், விஎல்ஏஎன், பிபிபிஓஇ உறைகளைக் கழற்றுவதும், துண்டுபட்ட ஐபி பாக்கெட்டுகளை ஒட்டவைப்பதும் அதைக் கூப்பிடும் நிரலின் பொறுப்பு. லைப்ரரி கேட்பது இரண்டுதான்: ஐபி தலைப்பிலிருந்து தொடங்கும் ஒரு பாக்கெட், அந்த ஃப்ளோவுக்கென்று நிரல் ஒதுக்கிவைத்த ஒரு நினைவகக் கட்டமைப்பு. ஒவ்வொரு ஃப்ளோவிலும் முதல் சில பாக்கெட்டுகளை மட்டும் பார்த்து முடிவு சொல்லிவிடும்; இயல்பு அமைப்பில் மேல்வரம்பு 32 பாக்கெட். அதற்குப் பிறகு ஜிகாபைட் கணக்கில் வீடியோ ஓடினாலும் லைப்ரரி அதைத் தொடுவதில்லை.

முதல் பாக்கெட்டுகளில்தான் எல்லாம் என்பதால், அவை தவறினால் எல்லாமே தவறும். 1 ஜிபிபிஎஸ் போர்ட் ஒன்றின் போக்கு, வரவு இரண்டையும் இன்னொரு 1 ஜிபிபிஎஸ் மிரர் போர்ட்டுக்கு (ஆய்வுக்காக டிராஃபிக்கின் நகலைத் தரும் போர்ட்) திருப்பினால், இரு திசையும் சேர்ந்து அந்த அளவைத் தாண்டும் நேரத்தில் சுவிட்ச் சத்தமில்லாமல் பாக்கெட்டைக் கைவிடும். பகலில் சரியாக இருந்து இரவு 9 மணிக்கு மேல் ‘அன்னோன்’ (பெயர் தெரியாதது) கூடினால் முதல் சந்தேகம் மிரர் போர்ட்டின் மேல்தான் வரவேண்டும். பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபியைப் பகிரும் கேஜிநாட்டுக்கு வெளிப்பக்கம் மிரர் எடுத்தால் நூறு வீடும் ஒரே ஐபியாகத் தெரியும், உள்பக்கம் எடுக்கவேண்டும். அப்லிங்க் இரண்டு இருந்து, போவது ஒன்றிலும் வருவது இன்னொன்றிலுமாக இருந்தால், லைப்ரரி உரையாடலில் பாதியை மட்டுமே கேட்கும். நெட்வொர்க் கார்டில் ஜிஆர்ஓ, எல்ஆர்ஓ என்ற பாக்கெட் ஒட்டும் வசதிகள் இயங்கினால் சிறு பாக்கெட்டுகள் ஒட்டிப் பெரிதாகி வரும். பாக்கெட்டின் நீளத்தை வைத்துச் செய்யும் சோதனைகள் அப்போது பிழைக்கும். ஈத்டூல் கட்டளை கொண்டு இரண்டையும் அணைத்துவிட்டுத்தான் தொடங்கவேண்டும். மழைக்காலத்தில் மின்சாரம் போய் ஆய்வு சர்வர் மட்டும் மறுபடி கிளம்பினால், அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்த இணைப்புகளின் தொடக்கத்தை அது பார்த்திருக்காது. முதல் ஒரு மணி நேரத்துக் கணக்கை ஒதுக்கிவிடுவதே நேர்மை.

திரெட் (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலை) விஷயத்திலும் கவனம் தேவை. டிடெக்‌ஷன் மாட்யூல் ஒன்றை இரண்டு திரெட்டுகள் ஒரே நேரத்தில் பயன்படுத்தக்கூடாது. திரெட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளவேண்டும். ஒரு ஃப்ளோவின் இரு திசையும் ஒரே திரெட்டுக்குப் போகும்படி பாக்கெட்டுகளைத் திரெட்டுகளுக்குப் பிரித்துவிடும் கார்டின் ஹேஷ் கணக்கு சமச்சீராக இருக்கவேண்டும். இல்லையென்றால் கேள்வி ஒரு திரெட்டிலும் பதில் இன்னொன்றிலும் விழுந்து, இரண்டுமே அரைகுறையாக நிற்கும்.

பெயர் எங்கே ஒளிந்திருக்கிறது

இனி அந்த யூடியூப் புதிருக்கு வருவோம்.

டிஎல்எஸ் இணைப்பில் (பிரவுசரும் சர்வரும் குறியாக்கத்தில் பேசும் முறை) பிரவுசர் அனுப்பும் முதல் செய்தி கிளையன்ட் ஹலோ. பைட்டுகளைத் தசம எண்ணில் படித்தால் முதல் பைட் 22, அடுத்த இரண்டு 3, 1. பிறகு நீளத்துக்கு இரண்டு பைட். ஆறாவது பைட் 1. இந்த வரிசையைக் கண்டதும் டிசெக்டர் (ஒரு நெறிமுறையை அடையாளம் காணும் கோடுப் பகுதி) உள்ளே இறங்கி நீட்சிகளை (செய்தியோடு சேரும் கூடுதல் விவரங்கள்) ஒவ்வொன்றாகப் படிக்கும். எண் 0 கொண்ட நீட்சியில்தான் போகவேண்டிய தளத்தின் பெயர் மறைப்பில்லாமல் இருக்கிறது. முன்பெல்லாம் இந்தச் செய்தி ஐந்நூறு, அறுநூறு பைட்டுக்குள் முடிந்துவிடும். ஒரே பாக்கெட். பெயரைப் பிடிப்பது எளிது.

அதை மாற்றியவை இரண்டு. 2023 தொடக்கத்தில், 110ஆம் பதிப்பை ஒட்டி, குரோம் நீட்சிகளின் வரிசையை ஒவ்வொரு இணைப்புக்கும் கலைத்துப் போடத் தொடங்கியது. அடுத்து 2024 ஏப்ரலில் குரோம் 124, குவாண்டம் கணினிகளுக்குத் தாங்கும் சாவிப் பரிமாற்றத்தைக் கணினிகளில் இயல்பாக இயக்கியது. அதே ஆண்டு நவம்பரில் 131ஆம் பதிப்பு அதை எம்எல்-கெம் தரத்துக்கு மாற்றியது. இதில் கிளையன்ட் அனுப்பும் சாவிப் பங்கு மட்டும் 1184 பைட்டும் 32 பைட்டும் சேர்ந்து 1216 பைட். மற்ற நீட்சிகள் சேரும்போது கிளையன்ட் ஹலோ 1700 பைட்டைத் தாண்டிவிடும். பிபிபிஓஇ இணைப்பில் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் மேல்வரம்பு, 1492 பைட். ஒரு டிசிபி பாக்கெட்டில் கொள்வது 1452 பைட்தான். ஆக, செய்தி இரண்டாக உடைகிறது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வரிசை கலைக்கப்பட்டதால் தளப் பெயர் சில தடவை பெரிய சாவிக்கு முன்னால் வரும், சில தடவை பின்னால் போகும். முன்னால் வந்தால் முதல் பாக்கெட்டிலேயே கிடைக்கும். பின்னால் போனால் இரண்டாவதில் கிடக்கலாம். முதல் பாக்கெட்டை மட்டும் படிக்கும் கோடு ஒரு தடவை பெயரைச் சொல்லும், அடுத்த தடவை சொல்லாது. கோடில் புதிதாகப் பிழை எதுவும் நுழையவில்லை. எழுதியபோது உண்மையாக இருந்த ஓர் அனுமானம் இப்போது பொய்யாகிவிட்டது.

யூடியூப் வழக்கமாகப் போவது யூடிபி மேல் ஓடும் குயிக் நெறிமுறையில். அங்கே சிக்கல் இன்னும் ஒரு படி கூடுதல். குயிக்கின் முதல் பாக்கெட்டுகள் குறியாக்கம் செய்யப்பட்டவை. ஆனால் அவற்றின் சாவியை யாரும் கணக்கிடலாம்: கிளையன்ட் தேர்ந்தெடுத்து வெளிப்படையாக எழுதும் இணைப்பு அடையாள எண்ணையும், ஆர்எஃப்சி 9001 என்ற இணையத் தர ஆவணத்தில் அச்சிட்டிருக்கும் ஒரு நிலையான சால்ட் மதிப்பையும் சேர்த்தால் சாவி வந்துவிடும். என்டிபிஐ 2020-இன் 3.4 பதிப்பில் குயிக் டிசெக்டரை முழுக்கத் திருத்தி எழுதியது இதற்காகத்தான். அதற்கு வேண்டிய குறியாக்கக் கோட்டின் சிறு வடிவம் ஒன்று இப்போது லைப்ரரிக்குள்ளேயே இருக்கிறது. சால்ட் மதிப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறும். வரைவு நிலையில் ஒன்று, 2021-இல் தரமானபோது ஒன்று, 2023-இல் வந்த ஆர்எஃப்சி 9369-இன் இரண்டாம் பதிப்புக்கு வேறொன்று. புதிய மதிப்பு தெரியாத லைப்ரரிக்கு அந்தப் பாக்கெட் வெறும் சத்தம்.

கிளையன்ட் அனுப்பும் முதல்நிலை யூடிபி பாக்கெட் குறைந்தது 1200 பைட் இருக்கவேண்டும் என்பது குயிக்கின் விதி. நடைமுறையில் அதைவிடச் சற்றுத்தான் பெரிதாக இருக்கும். அப்படியானால் 1700 பைட் கிளையன்ட் ஹலோவுக்கு இரண்டு பாக்கெட் வேண்டும். குரோம் செய்தியைத் துண்டு துண்டாக நறுக்கி, துண்டுகளை இடம் மாற்றி அனுப்புகிறது. லைப்ரரி முதல் பாக்கெட்டை அவிழ்த்து, துண்டுகளை ஒரு பஃபரில் வைத்து, இரண்டாவதுக்குக் காத்திருந்து, எந்தத் துண்டு எத்தனையாவது பைட்டிலிருந்து தொடங்குகிறது என்று பார்த்து அடுக்கி, பிறகுதான் நீட்சிகளைப் படிக்கமுடியும். மிரர் போர்ட் இரண்டில் ஒன்றை விழுங்கிவிட்டாலும் பெயர் போயிற்று.

‘ஐபி முகவரியை வைத்தாவது கூகுள் என்று சொல்லக்கூடாதா?’ என்று கேட்கலாம். லைப்ரரி அதையும் முயல்கிறது. ஆனால் பெரிய இணைய நிறுவனங்களின் வலைக்குள் கூகுள் வைத்திருக்கும் கேஷ் சர்வர்கள் அந்த நிறுவனத்தின் ஐபி முகவரியிலேயே இயங்கும். கூகுளின் முகவரிப் பட்டியலில் அவை இல்லை. வீடியோவின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது என்றால், தளப் பெயர் கிடைக்காத தடவைகளில் வெறும் ‘குயிக்’ என்பதைத் தவிர வேறு சொல்ல வழியில்லை.

இதற்கும் அடுத்த படி இசிஎச், கிளையன்ட் ஹலோவையே குறியாக்கும் முறை. அதில் உண்மையான தளப் பெயர் உள்ளுறையில் குறியாக்கமாகிவிடும்; வெளியே தெரிவது ஒரு பொதுப் பெயர். கிளவுட்ஃப்ளேர் வழிப் போகும் தளங்கள் பல, ஒரே வெளிப்பெயரில் தெரியும். இசிஎச் நீட்சி இருப்பதை மட்டும் வைத்து ‘மறைக்கப்பட்ட இணைப்பு’ என்று முத்திரை குத்தவும் முடியாது: சர்வருக்கு இசிஎச் தெரியாவிட்டாலும் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் போலி நீட்சி ஒன்றை அனுப்பிவைக்கின்றன. இதில் லைப்ரரி எழுதுகிறவர்கள் செய்யக்கூடியது, தெரியாததைத் தெரியாது என்று சரியாகச் சொல்வது. அதுவும் ஒரு வேலைதான், சிறிய வேலை அல்ல.

எப்படித் தெரிந்தது என்பதையும் கேளுங்கள்

2022-இல் வந்த 4.2 பதிப்பு ஒவ்வொரு முடிவோடும் ஒரு நம்பக நிலையைச் சேர்த்தது. எங்கள் பார்வையில் லைப்ரரியின் பத்தாண்டு வரலாற்றில் மிகப் பயனுள்ள மாற்றம் இதுதான். போர்ட் எண்ணை வைத்து ஊகித்தது, ஐபி பட்டியலை வைத்துச் சொன்னது, பாதி ஆய்வில் நின்றது, முந்தைய ஃப்ளோவின் நினைவிலிருந்து எடுத்தது, பாக்கெட்டையே படித்து உறுதி செய்தது என்று முடிவுகள் பிரிகின்றன. ஒரே ‘டிஎல்எஸ்’ என்ற சொல், பாக்கெட்டைப் படித்ததாலும் வந்திருக்கலாம், போர்ட் 443 என்பதாலும் வந்திருக்கலாம். அறிக்கை போடும்போது இந்த நிலைகளைத் தனித்தனியாகக் கூட்டவேண்டும். ஊகத்தையும் உறுதியையும் ஒரே கட்டத்தில் போட்டால் வரைபடம் அழகாக வரும், பயன்படாது.

ஐபி பட்டியல்கள் லைப்ரரியைக் கம்பைல் செய்யும்போதே உள்ளே போய்விடுகின்றன. பெரிய கிளவுட் நிறுவனங்கள் தங்கள் முகவரித் தொகுதிகளை மாற்றிக்கொண்டே இருக்கும். மூலக்கோடில் பட்டியல்களைப் புதுப்பிக்கத் தனி ஸ்கிரிப்டுகள் உண்டு. ஓட்டி, மறுபடி கம்பைல் செய்யாமல் விட்டால் பழைய முகவரிக்குப் பழைய பெயரே ஒட்டிக்கொண்டிருக்கும்.

பதிப்பை மாற்றும்போது ஓர் எச்சரிக்கை. உள்கட்டமைப்புகளின் அளவு பதிப்புக்குப் பதிப்பு மாறும். பழைய ஹெட்டரில் கம்பைல் ஆன நிரலைப் புதிய லைப்ரரியோடு ஓட்டினால் நினைவகம் சிதைந்து, எங்கோ சம்பந்தமில்லாத இடத்தில் நின்றுபோகும். நிரல் தொடங்கும்போதே லைப்ரரியின் ஏபிஐ எண்ணும் ஹெட்டரின் எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்கும் வசதி உண்டு; ஒரு வரிதான், போட்டுவிடுங்கள். சொந்தமாகச் சேர்த்த நெறிமுறைகளை டேட்டாபேஸில் எண்ணாகச் சேமிக்கவேண்டாம். உள்ளமைந்த பட்டியல் நீளும்போது அந்த எண்கள் நகரக்கூடும். பெயராகச் சேமியுங்கள்.

கல்ஃப் அழைப்புகளும் காற்றாலைகளும்

குமரி மாவட்டத்தின் இரவு நேர டிராஃபிக்கைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் வெளிநாட்டு அழைப்புகளைப் பார்க்கவேண்டும். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். சவுதியும் கத்தாரும் குவைத்தும் இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே வேலை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, 8 மணிக்கு வீட்டுக்குக் கூப்பிட்டால் இங்கே ஒன்பதரையோ பத்தரையோ ஆகியிருக்கும். பத்மநாபபுரத்திலிருந்து கொல்லங்கோடு வரைக்கும் வீடுகளில் அந்த நேரத்தில் வீடியோ அழைப்பு ஓடும். ஓர் அழைப்பு திக்கினால் ஆபரேட்டருக்குத்தான் போன் வரும். எந்த ஃப்ளோ அழைப்பு, எது டவுன்லோடு என்று பிரிக்கத் தெரிந்தால்தான் அவர் பதில் சொல்லமுடியும்.

அழைப்பு பெரும்பாலும் ஸ்டன் (தன் வெளி முகவரியைக் கண்டறியும் நெறிமுறை) செய்தியோடு தொடங்கும். 20 பைட் தலைப்பில் முதல் நான்கு பைட்டைத் தாண்டினால் 33, 18, 164, 66 என்ற நான்கு மாறாத பைட்டுகள். அதன் பிறகு அதே யூடிபி ஃப்ளோவிலேயே சாவிப் பரிமாற்றமும் குரலும் படமும் கலந்து ஓடும். எதை எப்படிப் பிரிப்பது என்பதை ஆர்எஃப்சி 7983 முதல் பைட்டை வைத்தே வகுத்திருக்கிறது: 0 முதல் 3 வரை ஸ்டன், 20 முதல் 63 வரை டிடிஎல்எஸ் (சாவிப் பரிமாற்றம்), 64 முதல் 79 வரை டர்ன் சேனல் (இடைச் சர்வர் வழி), 128 முதல் 191 வரை ஆர்டிபி (குரல், படம்). அதனால்தான் ‘ஸ்டன்’ என்று கண்டதும் லைப்ரரி நிறுத்திவிடுவதில்லை. அடுத்த சில பாக்கெட்டுகளையும் பார்த்து, எந்த ஆப், குரலா படமா என்று தேடும்.

முதல் பைட்டை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வயர்கார்டு நல்ல உதாரணம். அந்த விபிஎன்னின் முதல் செய்தி 1, 0, 0, 0 என்று தொடங்கும். 1 என்பது ஸ்டன்னின் எல்லைக்குள்ளேயே வருகிறது. ஸ்டன்னின் வெற்றிப் பதிலும் 1 என்றே தொடங்கும். பிரித்துக்காட்டுவது மற்ற அடையாளங்கள்: வயர்கார்டின் முதல் செய்தி சரியாக 148 பைட், அதற்கான பதில் 92 பைட், ஸ்டன்னில் அந்த நான்கு பைட்டுகள். இரண்டு மூன்று சோதனைகள் ஒன்றாகச் சேர்ந்தால்தான் டிசெக்டர் தன் பெயரை உரிமை கொண்டாடவேண்டும்.

மாவட்டத்தின் மறுமுனையில், ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகள் பக்கம் நிலைமை தலைகீழ். காற்றாலை, துணைமின்நிலையக் கட்டுப்பாட்டில் உலகெங்கும் வழக்கமாக உள்ள நெறிமுறைகள் மோட்பஸ், ஐஇசி 60870-5-104 போன்றவை. போர்ட்டுகள் முறையே 502, 2404. குறியாக்கம் பெரும்பாலும் இல்லை. பல ஆண்டுகளாக வடிவம் மாறவும் இல்லை. ஐஇசியின் ஒவ்வொரு செய்தியும் 104 என்ற பைட்டில் தொடங்கும். மோட்பஸில் 7 பைட் தலைப்பு, அதில் மூன்றாவது நான்காவது பைட்டுகள் எப்போதும் 0, பிறகு செயல் எண். 3 வந்தால் படிக்கிறது. 6 அல்லது 16 வந்தால் எழுதுகிறது. இங்கே பெயரைக் கண்டுபிடிப்பது எளிது, வழக்கத்துக்கு மாறானதைக் கண்டுபிடிப்பதே முக்கியம்: எப்போதும் படிக்க மட்டுமே செய்யும் ஒரு கணினி திடீரென்று எழுதத் தொடங்கினால் அதை உடனே பார்க்கவேண்டும். 3.4 பதிப்பில் சேர்ந்த ஃப்ளோ ரிஸ்க் வசதி இந்தத் திசையில் உதவுகிறது. தெரிந்த நெறிமுறை பழக்கமில்லாத போர்ட்டில் ஓடுவது, கடவுச்சொல் மறைப்பில்லாமல் போவது, காலாவதியான டிஎல்எஸ் பதிப்பு, தானே கையெழுத்திட்ட சான்றிதழ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட் எழும். செயல் எண்ணைக் கண்காணிக்கும் வேலையை லைப்ரரிக்கு மேல் இருக்கும் நிரல்தான் செய்யவேண்டும்.

புதிய டிசெக்டர் சேர்ப்பது எப்படி

நாகர்கோவில் சுற்றுவட்டாரப் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட் தேடுகிறவர்களுக்கு இது உருப்படியான வேலை. உபுண்டுவில் பில்ட்-எசென்ஷியல், கிட், ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல், பிகேஜி-கான்ஃபிக், ஃப்ளெக்ஸ், பைசன், ஜெட்டெக்ஸ்ட், லிப்பிகேப்பின் டெவ் தொகுப்பு, லிப்ஜேசன்-சியின் டெவ் தொகுப்பு ஆகியவற்றை நிறுவிக்கொண்டு, மூலக்கோடின் டெவ் கிளையை இறக்கி, ஆட்டோஜென், கன்ஃபிகர், மேக் என்று வரிசையாக ஓட்டினால் எக்ஸாம்பிள் அடைவில் என்டிபிஐ ரீடர் உருவாகும். அதற்கு ஒரு பிகேப் கோப்பை (பதிவு செய்த பாக்கெட்டுகள் உள்ள கோப்பு) கொடுத்தால் ஒவ்வொரு ஃப்ளோவுக்கும் பெயர், நம்பக நிலை, ரிஸ்க் எல்லாம் வரும். ஒரு ஃப்ளோவுக்கு எவ்வளவு நினைவகம் என்பதையும் அதுவே அச்சிடும். சர்வருக்கு ரேம் கணக்குப் போட அந்த எண் போதும்.

புதிய நெறிமுறைக்கு ஐடி பட்டியலில் ஓர் எண், புரோட்டோகால்ஸ் அடைவில் ஒரு சி கோப்பு, முதன்மைக் கோப்பில் இயல்பு போர்ட்டுகளோடு ஒரு பதிவு, ஆவணத்தில் ஒரு வரி. எழுதும் பகுதி பெரும்பாலும் நூறு வரிக்குள் அடங்கும். இரண்டு விஷயத்தை மறக்கக்கூடாது. பாக்கெட் தன்னுடையது இல்லை என்று தெரிந்ததும் டிசெக்டர் தன்னை விலக்கிக்கொள்ளவேண்டும். இல்லையென்றால் அந்த ஃப்ளோவின் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வீணாகக் கூப்பிடப்படும். இரண்டாவது, எந்த பைட்டைப் படிக்கும் முன்பும் பாக்கெட்டில் அவ்வளவு நீளம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

இரண்டாவதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 3.2 பதிப்பு வரை தொலைவிலிருந்து சர்வரில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் நெறிமுறையின் டிசெக்டரில், எதிர்முனை சொன்ன நீளத்தை அப்படியே கூட்டியதால் முழுஎண் நிரம்பி வழிந்து, ஹீப் நினைவகத்தின் எல்லைக்கு வெளியே எழுதமுடியும் நிலை இருந்தது. 2020-இல் சிவிஇ 2020-11939 என்ற பாதுகாப்புக் குறை எண்ணில் பதிவாகித் திருத்தப்பட்டது. யோசித்துப் பாருங்கள்: வலையைக் காவல் காக்க வைத்த சர்வருக்கு, எங்கோ இருக்கும் ஒருவர் அனுப்பிய ஒரு பாக்கெட்டால் உள்ளே நுழைய வழி. முன்பின் தெரியாதவர் அனுப்பும் பைட்டுகளைப் படிப்பதே முழுநேர வேலையாக உள்ள லைப்ரரிக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. அதனால்தான் இப்போது கூகுளின் ஓஎஸ்எஸ்-ஃபஸ் சேவையில் இது இடைவிடாமல் சோதிக்கப்படுகிறது. சிதைத்த பாக்கெட்டுகளை லட்சக்கணக்கில் ஊட்டி, எங்கே எல்லை மீறுகிறது என்று தேடுகிறார்கள். பழைய பதிப்பை அப்படியே ஓடவிடுபவர்கள் பெயர்களை மட்டும் இழப்பதில்லை.

கோடு எழுதி முடித்த பிறகுதான் கடினமான பகுதி. டெஸ்ட்ஸ் அடைவில் நூற்றுக்கணக்கான பிகேப் கோப்புகளும், ஒவ்வொன்றுக்கும் எதிர்பார்க்கும் முடிவுக் கோப்பும் உள்ளன. சோதனை ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் ஓட்டி ஒப்பிடும். புதிய டிசெக்டரின் சோதனைகள் தளர்வாக இருந்தால், சம்பந்தமே இல்லாத ஒரு கேம் ஆப்பின் கோப்பில் உங்கள் நெறிமுறையின் பெயர் முளைத்திருக்கும். அப்போது சோதனையை இறுக்கவேண்டும், முடிவுக் கோப்பைத் திருத்தி ஒப்பேற்றக்கூடாது.

மாதிரிகள் பற்றி. லைப்ரரிக்குத் தட்டுப்பாடு கோடுக்கு அல்ல, நல்ல பிகேப் கோப்புகளுக்குத்தான். நம் கடைகளில் மாட்டியிருக்கும் விலை குறைந்த சிசிடிவி ரெக்கார்டர்கள் தங்களுக்கென்று ஒரு யூடிபி மொழி பேசுகின்றன. அவை ‘அன்னோன்’ பட்டியலில் அடிக்கடி நிற்கும். சொந்தக் கருவியில், சொந்த இணைப்பில் எடுத்த மாதிரி மட்டுமே அனுப்பவேண்டும். வாடிக்கையாளரின் டிராஃபிக்கை எடுத்து அனுப்புவது தவறு. கருவியை அணைத்து, பதிவைத் தொடங்கிவிட்டு, பிறகு கருவியை இயக்குங்கள். அப்போதுதான் முதல் பாக்கெட்டுகள் கிடைக்கும். பாக்கெட்டை வெட்டாமல் முழு நீளத்தில் பதியுங்கள். தேவையான ஃப்ளோவை மட்டும் வடிகட்டி, முதல் சில டஜன் பாக்கெட்டோடு நிறுத்துங்கள்.

ஐபி, மேக் முகவரிகளை டிசிபிரீரைட் கருவி கொண்டு மாற்றலாம்; செக்சம்மையும் திருத்தச் சொல்லவேண்டும். குயிக்கில் ஒரு பொறி இருக்கிறது: வெளியே முகவரியை மாற்றினாலும் உள்ளே குறியாக்கமாக இருக்கும் தளப் பெயர் அப்படியே இருக்கும், யாரும் அவிழ்த்துப் படிக்கலாம். அதனால் மறைக்கவேண்டிய தளத்துக்குப் போன குயிக் பதிவை அனுப்பவே கூடாது. ஆண்ட்ராய்டில் ரூட் இல்லாமல் பதிய பிகேப்டிராய்டு வசதியானது, எந்த ஆப்பின் டிராஃபிக் என்றும் பிரித்துக்காட்டும். ஆனால் அது விபிஎன் சேவையாக இயங்கி டிசிபி இணைப்பைத் தானே முடித்துவைக்கிறது. பதிவில் உள்ள டிசிபி தலைப்புகள் போனின் உண்மையான தலைப்புகள் அல்ல. உள்ளடக்கத்தைப் படிக்கும் டிசெக்டருக்கு அந்தப் பதிவு போதும். டிசிபி கைரேகை ஆய்வுக்கு ரவுட்டரில் எடுத்த பதிவுதான் வேண்டும்.

ஆபரேட்டர்களுக்குச் சட்டப் பக்கமும் உண்டு. தொலைத்தொடர்புத் துறை 2018-இல் ஏற்ற இணையச் சமத்துவ விதிகளின்படி, குறிப்பிட்ட ஆப்பைத் தேர்ந்தெடுத்து வேகத்தைக் குறைப்பது உரிமத்துக்கு முரண். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, சிஸ்டம் லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. அதற்காக ஒவ்வொரு வீட்டிலும் யார் எந்தத் தளத்தைப் பார்த்தார்கள் என்ற பெயர்ப் பட்டியலை என்டிபிஐ கொண்டு தயாரிக்கவேண்டியதில்லை. கொள்ளளவு திட்டமிட, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நெறிமுறை வாரியாக மொத்த பைட் கணக்கு போதும். வீட்டு ஐபியை அந்த அட்டவணையில் சேர்க்காமலே விட்டுவிடலாம். ஒரு வாடிக்கையாளர் அழைப்பு திக்குகிறது என்று புகார் தரும்போது, அவர் சம்மதத்தோடு அவர் ஐபிக்கு மட்டும் பத்து நிமிடம் வடிகட்டிப் பதிந்து, காரணத்தைக் கண்டதும் அந்தப் பதிவை அழித்துவிடுங்கள்.